முதன்முறை உயில் எழுதுவோருக்கு: வேலூர் வட்டாரப் பத்திரங்களை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

குடியாத்தத்துக்கு அருகே வாழ்ந்த என் பெரியப்பா தம் கைப்பட உயில் எழுதி, நண்பர்கள் இருவரிடம் சாட்சிக் கையொப்பமும் வாங்கி வைத்திருந்தார். சட்டப்படி அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த நண்பர்கள் இருவரும் அவரைவிட மூத்தவர்கள். அவர் காலமானபோது அவர்களும் உயிரோடு இல்லை. பங்காளி ஒருவர் உயிலே பொய் என்று வழக்குத் தொடுத்ததும், இறந்துபோன சாட்சியின் கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடியவரைத் தேடிப் பெரியம்மா அலைந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். அதனால்தான் இந்த விளக்கத்தில் சாட்சிகளைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுதுகிறேன்.

முதல் படி: எது உங்களுடையது என்று பிரித்தறிதல்

பதினெட்டு வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருக்கும் எவரும் உயில் எழுதலாம். ஆனால் தமக்கு உரிமையுள்ளதை மட்டுமே எழுதி வைக்க முடியும். நீங்கள் உழைத்து வாங்கிய மனை முழுவதும் உங்களுடையது. பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுடையது. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், பின்னர் 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தத்தாலும் பெண் மக்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்துவிட்டதால், உடன்பிறந்த சகோதரியின் பங்கையும் சேர்த்து உங்கள் மகனுக்கு எழுதினால் அந்தப் பகுதி செல்லாது.

வங்கி வைப்புத்தொகைக்கு நாமினி போட்டுவிட்டோம், உயில் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை நாமினிக்கு உண்டு. அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்வது உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான். நம் பகுதியில் ராணுவ ஓய்வூதியம் பெறுவோர் நிறையப் பேர் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குடும்ப ஓய்வூதியம் அரசின் விதிகளின்படியே போகும், அதை உயிலில் எழுத இயலாது.

உயில் எழுதாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சமபங்கு பெறுவார்கள். மனைவிக்கே வீடு முழுவதும் வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் வாழும் இஸ்லாமியர்களுக்குத் தனிச்சட்டம் பொருந்தும். ஈமச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதவோ, வாரிசு ஒருவருக்கே எழுதி வைக்கவோ மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

இரண்டாம் படி: சொத்து விவரம்

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். இங்கே நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று இருக்கும். 1989-இல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்த பின் எழுதியதில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்றும், அதற்குப் பிறகு ‘வேலூர் மாவட்டம்’ என்றும் இருக்கும். 2019 நவம்பரில் வேலூரும் மூன்றாகப் பிரிந்ததால் அரக்கோணத்து நிலம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்திலும், ஆம்பூர் வீடு திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆகவே பழைய மாவட்டப் பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். பழைய சர்வே எண், இப்போதைய உட்பிரிவு எண், நான்கெல்லை ஆகியவற்றோடு, பத்திரத்தில் ஏக்கரிலும் சென்ட்டிலும் இருக்கும் அளவு பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருப்பதால் இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. ஒரு ஏக்கர் ஏறத்தாழ 40.5 ஏர்ஸ்.

மூன்றாம் படி: உயிலின் வாசகம்

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். பெயர், தந்தை பெயர், வயது, முகவரி, தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டபின், ‘நான் நல்ல நினைவோடும், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம்’ என்று தொடங்கலாம். அடுத்து மனைவி, மக்கள் அனைவரின் பெயரையும் எழுதி, யாருக்கு எந்தச் சொத்து என்று தனித்தனியாகக் கூறுங்கள்.

ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ எழுதினால் அதற்கான காரணத்தை இரண்டு வரியில் கட்டாயம் சொல்லுங்கள். ‘மூத்த மகளுக்குத் திருமணத்தின்போதே காட்பாடி மனையைக் கொடுத்துவிட்டேன்’ என்பது போன்ற ஒரு வாக்கியம் பின்னாளில் பெரும் துணையாக நிற்கும். இயல்பான வாரிசைக் காரணமின்றி விலக்குவதும், பயன்பெறும் மகனே முன்னின்று உயிலைத் தயாரிப்பதும் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள் என்றும், அச்சந்தேகத்தைப் போக்குவது உயிலை முன்வைப்பவரின் பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 1959-இலேயே கூறியிருக்கிறது. உயிலை நிறைவேற்ற நம்பகமான ஒருவரையும் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள்.

நான்காம் படி: கையொப்பமும் சாட்சிகளும்

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சொல்வதை நிதானமாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்க்க வேண்டும்; அவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். வீட்டில் கையெழுத்திட்டுவிட்டு, தாளை மட்டும் சாட்சிகளிடம் கொடுத்தனுப்பி வாங்கிவருவது தவறு. உயிலில் என்ன இருக்கிறது என்று சாட்சிகள் படிக்க வேண்டியதில்லை.

உங்களைவிட இளையவர்களாக, உடல்நலம் உள்ளவர்களாக, வெளிநாடு போகும் எண்ணம் இல்லாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உயிலை மெய்ப்பிக்க, சாட்சி உயிரோடு இருக்கும்வரை ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரித்தே ஆக வேண்டும். சொத்து பெறுபவரையும் அவருடைய கணவர் அல்லது மனைவியையும் சாட்சியாக வைக்காதீர்கள். கிறிஸ்தவர்களின் உயிலில், அப்படிச் சாட்சியானவருக்கோ அவருடைய கணவர் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாமலே போகும். இந்துக்களுக்குச் செல்லும் என்றாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். முதியவர் எழுதினால், அன்றைய தேதியில் அவரைப் பரிசோதித்த மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி வைப்பதும், முடிந்தால் அந்த மருத்துவரையே ஒரு சாட்சியாக்குவதும் சிறந்தது. மருத்துவமனைப் படுக்கையில் அவசரமாக எழுதும் நிலைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்தாம் படி: பதிவு

பதிவு கட்டாயமில்லை, ஆயினும் செய்துவிடுங்கள் என்றே சொல்வேன். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. சார்பதிவாளர் முன் நேரில் நின்று ஒப்புக்கொள்வது, பிற்காலத்தில் போலி என்ற குற்றச்சாட்டைப் பெரிதும் தளர்த்தும். நடக்க இயலாதவர் விண்ணப்பித்தால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் இடமுண்டு. உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாவதால் வில்லங்கச் சான்றில் தெரியாது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறு எவரும் நகல் வாங்கவும் முடியாது. பதிவு செய்த உயிலுக்கும் சாட்சிகளின் தேவை அப்படியே இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

ஆறாம் படி: மாற்றமும் பாதுகாப்பும்

தான செட்டில்மெண்ட் எழுதினால் சொத்து அப்போதே கைமாறும். உயிலோ உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும், அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். கிறிஸ்தவர்கள் உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும் என்பதால் மீண்டும் எழுத வேண்டும். புதிய உயில் எழுதும்போது, பழையதன் தேதியையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு அதை ரத்து செய்வதாக முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அசல் எந்த அலமாரியில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை நிறைவேற்றுபவரிடமும் மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.