கத்திரி வெயிலில் மூச்சிரைத்த கோழிகள்: தடையாக இருந்தது இரண்டடிச் சுவர்

கரூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய மே மாதத்தில், கொல்லையில் வளர்க்கும் எங்கள் நாட்டுக்கோழிகள் நண்பகலானால் அலகைத் திறந்து, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி மூச்சிரைக்கத் தொடங்கின. முட்டை குறைந்ததோடு, இட்ட முட்டைகளின் ஓடும் மெலிந்து, கையில் எடுக்கும்போதே கீறல் விட்டது.

தீனியில் கிளிஞ்சல் தூள் கலந்து கொடுத்ததில் பயனில்லை. மூச்சிரைக்கும் கோழி கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றுவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடி, ஓடு உருவாவதே தடைபடுகிறது. வெப்பம் தணியாமல் அது சீராகாது. அடுத்து, கொட்டகைக்குள் அடிக்கடி நீர் தெளித்தேன், இரைப்பு கூடியது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. மூச்சுவழி நீரை ஆவியாக்கியே அது பெரிதும் உடலைத் தணித்துக்கொள்கிறது என்பதால், காற்றோட்டமில்லாத இடத்தில் ஈரப்பதம் ஏறினால் அந்த வழியும் அடைபடும்.

கம்பிவலை வழியே நன்றாகக் காற்று வருகிறதே என்ற குழப்பம், தரையில் குந்தி உட்கார்ந்து ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தபோது தீர்ந்தது. காற்று என் மார்பளவில் கடந்து சென்றது. நாய்க்கும் கீரிக்கும் அஞ்சி எழுப்பிய இரண்டடிச் செங்கல் சுவருக்குள், கோழியின் உயரத்தில், புகை சிறிதும் சாயாமல் நேராக எழுந்தது. எதிரெதிர்ச் சுவர்களில் தரையையொட்டிச் சில செங்கற்களை எடுத்துவிட்டு, கீரி நுழைய முடியாத சிறுகண் வலையை அடித்தேன். மறுநாள் நண்பகலிலேயே இரைப்பு பெரிதும் தணிந்தது நிம்மதியளித்தது.

பிறகு தகரக் கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தேன். தண்ணீரை வேப்பமரத்தடி மண்சட்டிக்கு மாற்றினேன். செரிமானமும் உடலில் வெப்பத்தை உண்டாக்குவதால், தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் மட்டுமே வைக்கிறேன். ஓடு கெட்டிப்பட மேலும் சில நாட்கள் ஆயின.