அரசுப் பள்ளியில் பூஜையோ ஜெபமோ நடந்தால் பெற்றோர் எப்படிக் கேட்பது?

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் படுகர் வீட்டுப் பிள்ளை, இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பத்தின் பேத்தி, சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, காலையில் மதரஸாவுக்குப் போய்விட்டு வருகிற பிள்ளை, காட்டோரத்து இருளர் பிள்ளை எல்லாரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சரஸ்வதி பூஜை அன்று அதில் இரண்டு பேர் மட்டும் குளிரில் வராந்தாவில் நின்றிருந்தார்கள். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, தாங்களாகவே போய் நின்றுகொண்டார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதல் வேலை, பள்ளி யார் பணத்தில் நடக்கிறது என்று பார்ப்பது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இவையெல்லாம் முழுக்க அரசுப் பணம். அங்கே மத போதனையே கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(1). நம் மலையில் மிஷன் காலத்துப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன, அவை அரசு உதவி பெறும் பள்ளிகளாக இருந்தால் கணக்கே வேறு. பிரிவு 30 சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமையைத் தருகிறது, ஜெபமும் பைபிள் வகுப்பும் அங்கே இருக்கலாம், ஆனால் அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை அதில் உட்கார வைக்க 28(3) இடம் தரவில்லை. அதனால் அங்கே ‘ஜெபத்தை நிறுத்துங்கள்’ என்று எழுதாதீர்கள், ‘என் பிள்ளைக்கு நான் சம்மதம் தரவில்லை’ என்று எழுதுங்கள்.

எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பாடத்தில் தேவாரம் வரும், தேம்பாவணி வரும், சீறாப்புராணமும் வரும். அது இலக்கியம், எல்லாப் பிள்ளையும் படிக்கட்டும். மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மத போதனை வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ‘தன்னம்பிக்கைப் பேச்சு’ என்று வெளியாளைக் கூட்டி வந்தால் கவனமாக இருங்கள். 2024இல் சென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் அப்படி வந்தவர் போன ஜென்மத்துப் பாவத்தைப் பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர்தான் எழுந்து கேள்வி கேட்டார்.

சரி, கேட்பது எப்படி? பிள்ளை கையில் கடிதம் கொடுத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். அடுத்த நாள் வகுப்பில் எல்லார் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். என்றைக்கு, எந்த வகுப்பில், யார் நடத்தினார்கள், பணம் வசூலித்தார்களா என்று நோட்டில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, ஹெச்.எம்.மைத் தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் அது பழக்கத்தில் நடப்பதுதான், எரிச்சல் இல்லாமல் சொன்னால் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஒன்று மட்டும் மனசாட்சியோடு செய்யுங்கள்: உங்கள் மதத்துக்காரர் செய்வதையும் அதே நோட்டில், முதல் வரியாக எழுதுங்கள். நான் பூஜையிலிருந்து ஆரம்பித்ததால்தான் என் பேச்சை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

‘எல்லாரும் பாடும்போது உங்க பிள்ளை மட்டும் ஏன் வாயை மூடி நிக்குது?’ என்று யாராவது ஒழுக்கத்தை இழுத்தால் 1986ஆம் ஆண்டு பிஜோ இம்மானுவேல் தீர்ப்பைச் சொல்லுங்கள். கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது, உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

ஹெச்.எம்.மிடம் நகரவில்லையா, பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கூட்டத்துக்கு முன்பே நாலைந்து வீட்டு அம்மாக்களோடு, முக்கியமாக வேறு வேறு மதத்துக்காரர்களோடு பேசிவிட்டு, ‘பள்ளி நேரத்தில் எந்த மத வழிபாடும் நடத்துவதில்லை, அதற்குப் பணம் வசூலிப்பதில்லை’ என்று ஒரே வரியில் தீர்மானம் கேளுங்கள். பதிவேட்டில் ஏறிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால், தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், பெரிய பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத்துறை, இதைத் தெரியாமல் பலர் தவறான ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417இலும் சொல்லலாம். திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் ரசீதை வாங்காமல் வராதீர்கள். பதிலே இல்லையென்றால் 10 ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. சரஸ்வதி பூஜைக்கு முன்னால் இப்போது பிள்ளைகள் நூலக அலமாரியைத் துடைத்து, கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறார்கள், அப்புறம் எல்லாருக்கும் பொரிகடலை. போன வருஷம் வராந்தாவில் யாரும் நிற்கவில்லை.