பழைய விடையை ஒட்டாதீர்கள்: லினக்ஸில் விடை தேடத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் லினக்ஸ் கற்க வரும் மாணவர்களில் பலர், ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினியோடு வருகிறார்கள். உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றைத் தாங்களே நிறுவிக்கொள்கிறார்கள். ஒரு பிழை வந்து அதற்கு இணையத்தில் விடை தேட வேண்டிய இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு புதிய அணியும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கட்டளையில் எழுத்துப்பிழை விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழக்கத்தில் சரியாகிவிடும்.

திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது

வேண்டாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி அழுத்தி எழுத்துகளாகவே நகலெடுங்கள். ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நின்றுவிடும்.

கடைசி வரியை மட்டும் படிப்பது

சி நிரல் ஒன்றை மேக் கட்டளையால் தொகுக்கும்போது கடைசியில் வரும் ‘எரர் 1’ என்பது வேலை நடக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. காரணம் பல வரிகளுக்கு மேலே, முதன்முதலாகத் தோன்றிய பிழையில் இருக்கும். அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். பைதானில் இது தலைகீழ்: அங்கே கடைசி வரியில்தான் பிழையின் பெயர் இருக்கும், மேலே உள்ளவை அந்த இடத்துக்கு வந்த வழியைக் காட்டுபவை. எந்த மொழியில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதித் தேடல் குறைந்துவிடும்.

தமிழில் வந்த பிழைச்செய்தியை அப்படியே தேடுவது

கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருப்பது நல்லதுதான், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பிழைச்செய்தியின் தமிழாக்கத்தைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கட்டளைக்கு முன்னால் ‘எல்சி_ஆல்=சி’ என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சேர்த்து மீண்டும் இயக்கினால், அந்த ஒரு முறை மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும். அதைத் தேடுங்கள்.

பதிப்பும் தேதியும் பார்க்காமல் விடையை ஒட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் மற்ற தவறுகளால் நேரம் மட்டுமே போகும், இதனால் கணினியே போய்விடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த இறுதியாண்டு மாணவர் ஒருவரின் கணினியில் உபுண்டு 22.04 இருந்தது. அதனோடு வருவது பைதான் 3.10, அவருடைய புராஜெக்டுக்கு வேறொரு பதிப்பு தேவைப்பட்டது. இருக்கும் பைதானை முதலில் நீக்கிவிட வேண்டும் என்று எங்கோ ஒரு பழைய விடையில் படித்திருக்கிறார். அதில் இருந்த கட்டளையை, நிர்வாகி அதிகாரம் தரும் சுடோவோடும், கேள்வி கேட்காமல் எல்லாவற்றுக்கும் சம்மதம் தெரிவிக்கும் ‘-ஒய்’ என்பதோடும் ஒட்டிவிட்டார். உபுண்டுவின் பல பகுதிகள் பைதானைச் சார்ந்தே இயங்குகின்றன என்பதால், நீக்கப்படவிருந்தவற்றின் நீண்ட பட்டியலை, மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் என்ற நிரல் திரையில் காட்டித்தான் இருக்கிறது. அதில் வரைகலைத் திரைக்கான உபுண்டு-டெஸ்க்டாப்பும் இருந்தது. ‘-ஒய்’ போடாதிருந்தால் தொடரலாமா என்று கேட்டுவிட்டு நின்றிருக்கும்.

“அண்ணா, கறுப்பா இருக்கு, வெறும் எழுத்துதான் வருது” என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்லவேளையாக ஆப்ட் சி++ மொழியில் எழுதப்பட்டது. பைதான் போனாலும் அது பிழைத்திருந்தது. ஆப்ட் தான் செய்தவற்றையெல்லாம் ‘ஹிஸ்டரி.லாக்’ என்ற கோப்பில் எழுதி வைக்கும். அதைத் திறந்து, எந்தக் கட்டளை எப்போது எவற்றை நீக்கியது என்று பார்த்து, கைப்பேசியை யூ.எஸ்.பி.யில் இணைத்து இணையம் கொடுத்து, போனவற்றைத் திரும்ப நிறுவினோம். அவருடைய அன்றைய டேட்டாவும் தீர்ந்து என்னுடையதும் தீர்ந்தது. பிறகு அந்த விடையைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதன் கீழேயே வேறொருவர், ‘இதைச் செய்யாதீர்கள், திரை போய்விடும்’ என்று எழுதி வைத்திருந்தார்.

கேள்வி-பதில் தளங்களில் ஒரு விடைக்குக் கிடைத்திருக்கும் வாக்குகளை நம்பி ஏமாறாதீர்கள். பல ஆண்டுகளாக அங்கே கிடப்பதாலேயே அதற்கு வாக்குகள் சேர்ந்திருக்கும். பைதான் 2-க்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. ஆனாலும் அதற்காக எழுதப்பட்ட விடைகள் தேடலில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எடுத்துக்காட்டு நிரலில் ‘பிரின்ட்’ என்பதை அடுத்து அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைதான் 2. அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் விஷயமும் இப்படித்தான். 2023-இல் வந்த டெபியன் 12-இலும், உபுண்டு 24.04-இலும், கணினி முழுமைக்கும் பிப் கொண்டு நிறுவ முயன்றால் அது மறுத்துவிடும். மறுக்கும் அந்தச் செய்தியிலேயே ஆப்ட் வழியாக நிறுவுங்கள், அல்லது வென்வ் என்ற தனிப் பைதான் சூழலை உருவாக்கிக்கொள்ளுங்கள், அல்லது பைதான் செயலிகளைத் தனித்தனியாக நிறுவும் பிப்எக்ஸ் பயன்படுத்துங்கள் என்று வழிகளும் இருக்கின்றன. அதைப் படிக்காமல் இணையத்தில் தேடிப் போய், ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற சொல்லைக் கட்டளையோடு சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். கணினியை உடைப்பேன் என்று பெயரிலேயே சொல்லும் ஒன்றை எப்படித்தான் துணிந்து தட்டச்சு செய்கிறார்களோ!

ஆகவே, ‘ஓஎஸ்-ரிலீஸ்’ கோப்பில் உங்கள் பதிப்பைப் பாருங்கள். விடையின் தேதியைப் பாருங்கள். அதன் கீழே உள்ள மறுப்புகளைப் படியுங்கள். எதையேனும் நீக்கச் சொன்னால் முதலில் ஆப்ட் கட்டளையில் ‘-எஸ்’ சேர்த்து ஓட்டினால், எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும். ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் ஆர்ச் விக்கியில் உள்ள விளக்கங்கள் எந்த லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் பயன்படும், ஆனால் அங்குள்ள, ஆப்டுக்கு இணையான பேக்மேன் கட்டளைகள் உபுண்டுவில் வேலை செய்யாது.

உண்மையான தேவையைச் சொல்லாமல் கேட்பது

“ஒரு கோப்புக்கு 777 அனுமதி கொடுப்பது எப்படி?” என்று ஒருவர் கேட்டார். 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும். விசாரித்தால், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை இணைக்கும்போது அனுமதி மறுக்கப்படுகிறது என்பதே அவருடைய சிக்கல். 777 கொடுத்தாலும் பலகையைக் கழற்றி மாட்டியதும் பழையபடி ஆகிவிடும். பயனரை, இத்தகைய இணைப்புகளைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் தீர்ந்தது. ஆர்டுயினோ என்ற பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே தேடலில் கிடைத்திருக்கும்.

மூடப்பட்ட பிழைப்பதிவுகளைத் தேடாதது

நிரல்களையும் அவற்றின் பிழைப்பதிவுகளையும் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் ‘ஓப்பன்’ என்ற வடிகட்டி இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டுத் தேடுங்கள். தீர்ந்துபோன சிக்கல்கள் மூடப்பட்டவற்றில்தான் இருக்கும்.

தீர்ந்ததும் காணாமல் போவது

‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளையால் தீர்ந்தது என்பதைக் கேட்ட இடத்திலேயே, தேதியோடு எழுதுங்கள்.