வீடு வாங்குமுன் பத்திரச் செலவைக் கணக்குப் போடுவது எப்படி? டெல்டா பக்கம் முதன்முறை வாங்குவோருக்கு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீடு பார்க்கப் போனால் புரோக்கர் ஒரே ஒரு தொகையைத்தான் சொல்வார்: "32 லட்சம் சார், உட்கார்ந்து பேசினா குறையும்." பத்திரச் செலவைக் கேட்டால் "அது ஒரு ரெண்டு மூணு ஆகும்" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஆனால் அந்த ரெண்டு மூணு லட்சத்துக்கு வங்கி கடன் தராது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டு விலையோடு சேர்த்துக் கடனைக் கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 10 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் அட்வான்ஸ் கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

படி 1: அளவைச் சதுர அடிக்கு மாற்றுங்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் மனையை இன்னமும் குழியில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். பத்துக் குழி மனை என்றால் 1,440 சதுர அடி. விற்பவர் வாயால் சொன்ன குழியும் பத்திரத்தில் இருக்கும் அளவும் ஒன்றுதானா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வரி பத்திர அளவுக்குத்தான்.

படி 2: வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள்

தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் இது இலவசம். மண்டலம், சார் பதிவாளர் அலுவலகம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, டவுன் என்றால் தெருப்பெயரையும் கிராமம் என்றால் புல எண்ணையும் (சர்வே எண்) கொடுத்தால் அரசு வைத்திருக்கும் மதிப்பு வந்துவிடும். அது மனைக்கு மட்டும், கட்டடத்தின் மதிப்பைத் தனியே கணக்கிட்டுச் சேர்ப்பார்கள்.

இங்கே ஒரு சின்னப் பழைய கதை. 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்க் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். "கட்டணம் பாதியாயிடுச்சு" என்று அப்போது சந்தோஷப்பட்டவர்கள் ஏராளம். 20 லட்சம் என்றிருந்த மதிப்பு 30 லட்சம் ஆனால், முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்து முன்பு 11 சதவீதத்தில் 2.20 லட்சம் கட்டிய இடத்தில் 9 சதவீதத்தில் 2.70 லட்சம். 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தியிருக்கிறார்கள், ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ கட்டிய தொகையை நம்ப வேண்டாம்.

படி 3: ஒன்பதால் பெருக்குங்கள்

பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம் (இதில் 2 உள்ளாட்சிக்கான சொத்து மாற்று வரி), பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 32 லட்சத்துக்கு 2.24 லட்சமும் 64,000-மும், ஆக 2.88 லட்சம். வங்கி விலையில் 80 சதவீதம் கடன் தந்தால் 25.60 லட்சம், மீதி 6.40 லட்சத்தோடு பத்திரச் செலவையும் சேர்த்தால் உங்கள் கையில் 9.28 லட்சம் இருக்க வேண்டும். ஆவண எழுத்தர் கூலி, வக்கீல் பார்வைக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

படி 4: வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமா?

இதை அநேகம் பேர் தவறவிடுகிறார்கள். பேசிய விலை 32 லட்சம், அரசு மதிப்பு 36 லட்சம் என்றால் பத்திரச் செலவு 3.24 லட்சமாகும் என்பதோடு போகாது. வித்தியாசம் விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த முழு 4 லட்சத்தையும் வாங்கியவரின் வருமானமாக வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். 35 லட்சமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். மதிப்பு நியாயமில்லை என்று தோன்றினால் பேசிய விலைக்கே பதிந்து, முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியரின் முடிவுக்கு அனுப்பலாம். ஆனால் அதுவரை பத்திரம் நிலுவையில் கிடக்கும், வங்கிக் கடன் வாங்குபவருக்கு அது தோதுப்படாது.

இதற்கு நேர்மாறாக, மதிப்பு குறைவாக இருக்கும் தெருவில் "22-க்கு எழுதிக்கலாம், மீதியைக் கையில கொடுத்துடுங்க" என்பார்கள். பத்து லட்சத்தை மறைத்தால் மிச்சம் 90,000. பதிலுக்கு வங்கிக் கடன் 22-க்கு ஏற்பத்தான் கிடைக்கும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபக் கணக்கும் 22-இலிருந்துதான் தொடங்கும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம் என்பதை விற்பவர் காதிலும் போட்டுவையுங்கள், பேச்சு தானாகவே மாறும். சட்டப்படியும் தப்பு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: அடிமனை யாருடையது?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் மாதிரி ஊர்களில் இதைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கோயிலையும் மடத்தையும் ஒட்டிய தெருக்களில் பல வீடுகளுக்கு மனை கோயிலுடையதாகவும், மேலே நிற்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையதாகவும் இருக்கும். "விலை மலிவா இருக்கே" என்று மகிழ்வதற்குமுன் வில்லங்கச் சான்றையும் (சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) தாய்ப்பத்திரத்தையும் (விற்பவருக்குச் சொத்து வந்த மூலப் பத்திரம்) வரிவரியாகப் படியுங்கள். கோயில் நிலத்தைக் கிரயம் பதிய முடியாது, கட்டடத்தை மட்டும் வாங்கினால் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், அடிமனை வாடகையும் உங்கள் தலையில். வயலை வகுத்துப் போட்ட மனை என்றால் அந்த மனைப்பிரிவுக்கு அரசு தந்த அங்கீகார எண்ணைக் கேளுங்கள்.

படி 6: சின்னச் சின்ன விஷயங்கள்

பெண் பெயரில் பதிந்தால், சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதம்தான். 9 லட்சத்து மனைக்கு 81,000-க்குப் பதில் 72,000. அப்பாவிடமிருந்து மகனுக்கோ மகளுக்கோ வருகிற வீட்டைக் கிரயமாக எழுதவே எழுதாதீர்கள். தானசெட்டில்மென்டாக (குடும்பத்துக்குள் தானமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதினால் முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டணம் 10,000.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் கணக்கில் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, கட்டி முடித்துச் சான்று வாங்கியதற்கும் பழைய வீட்டுக்கும் கிடையாது.

படி 7: கட்டுங்கள், பதியுங்கள்

வரைவுப் பத்திரத்தில் பெயர், நான்கு எல்லை, புல எண்ணைச் சரிபார்த்தபிறகு பணத்தை இணையவழியில் கட்டி, டோக்கன் போட்டு, இரண்டு சாட்சிகளோடும் அடையாள அட்டைகளோடும் போங்கள். பதிந்த கையோடு பட்டா மாற்றம் தானாகவே போயிருக்கிறதா என்று பாருங்கள், உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் போகாது, சர்வேயர் வந்து அளந்த பிறகுதான். அப்புறம் சொத்து வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றம், பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதை விற்றவரே கட்டுவார் என்று அக்ரிமென்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.