குங்ஃபூ வணக்கத்தைச் சரியாக வைப்பது எப்படி?

குங்ஃபூ கற்கப் போகிறீர்களா? உதைக்கும் குத்துக்கும் முன்னால் இந்த வணக்கத்தைப் பழகுங்கள். சீனர்கள் இதை பாவ்ச்சுவான் லி என்பார்கள்.

கால்களை ஒட்டி வைத்து நேராக நில்லுங்கள். வலது கையை முஷ்டியாக மடக்குங்கள். இடது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து நிமிர்த்தி, பெருவிரலை மட்டும் மடக்கிக்கொண்டு, முஷ்டியின் முன்பக்கம் அந்த உள்ளங்கையில் படும்படி இரண்டையும் நெஞ்சுக்கு நேரே, உடம்பிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிச் சேருங்கள். முழங்கைகள் லேசாக வளைந்திருக்கட்டும். பார்வை எதிரில் நிற்பவர் மேல் இருக்க வேண்டும், தரையில் அல்ல.

அந்தப் பெருவிரலில்தான் எனக்குக் கொள்ளைப் பிரியம். 'நான் பெரியவன்' என்ற நினைப்பை மடக்கிவைக்கிறோம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நிமிர்ந்த நான்கு விரல்களும் ஒழுக்கம், அறிவு, உடல்நலம், அழகுணர்வு. முஷ்டி வீரம், அதைத் தடுத்து நிறுத்துவது உள்ளங்கை. போர்க்கலையைக் குறிக்கும் 'வு' என்ற சீன எழுத்துக்கும் ஈட்டியை நிறுத்துவது என்றே மரபாக விளக்கம் தருகிறார்கள், அதில் 'நிறுத்து', 'ஈட்டி' இரண்டுக்குமான எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கைகளை மாற்றிவிடாதீர்கள். இடது முஷ்டியை வலது கை மூடினால், சீன மரபில் அது ஆண்கள் துக்க வீட்டில் வைக்கும் வணக்கம். ஆசிரியர் பதில் வணக்கம் வைத்ததும் கைகளை மெதுவாக இறக்குங்கள், அப்புறம் பயிற்சிக்குப் போகலாம்.