மைஎஸ்கியூஎல், வேர்ட்பிரஸ் நிறுவியாச்சு. சர்வரில் தங்கிவிட்ட பாஸ்வேர்டுகளை என்ன செய்வது?

டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லையும், இணையதளம் நடத்தும் வேர்ட்பிரஸ்ஸையும் நிறுவி, தளம் திறந்த சந்தோஷத்தில் லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். நிறுவும்போது உருவான பாஸ்வேர்டுகள் சர்வரில் இரண்டு மூன்று கோப்புகளில் அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: லாக் கோப்பு

ரெட்ஹேட் வகை லினக்ஸில் மைஎஸ்கியூஎல் 5.7 அல்லது அதற்குப் பிந்தைய அதிகாரபூர்வ ஆர்பிஎம் (நிறுவல் தொகுப்பு) போட்டிருந்தால், முதல்முறை ஓடும்போதே ரூட்டுக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு, ஒரு தற்காலிக பாஸ்வேர்டை அது உருவாக்கி /வார்/லாக்/மைஎஸ்கியூஎல்டி.லாக் என்ற நிகழ்வுப் பதிவுக் கோப்பில் எழுதிவிடும். 'டெம்பரரி பாஸ்வேர்டு' என்று தேடினால் அந்த வரி கிடைக்கும். 'ரூட்@லோக்கல்ஹோஸ்ட்' என்பதை அடுத்து வரும் முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் பாஸ்வேர்டு. அதை மாற்றாமல் விட்டால், லாக்கைப் படிக்க முடிந்த எவரும் ரூட்டாக நுழைந்து தாங்களே புதியதை வைத்துவிடலாம்.

'மைஎஸ்கியூஎல்_செக்யூர்_இன்ஸ்டலேஷன்' கட்டளையை ஓட்டுங்கள். பழையதைக் கேட்கும், பிறகு புதியது கேட்கும்: குறைந்தது 8 எழுத்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்க வேண்டும். மாற்றிவிட்டால் லாக்கில் உள்ள வரி யாருக்கும் உதவாது.

படி 2: ஷெல் ஹிஸ்டரி

'மைஎஸ்கியூஎல்' கட்டளையில் 'மைனஸ் பி'க்கு (-பி) ஒட்டினாற்போல் பாஸ்வேர்டை அடித்து உள்ளே நுழைந்தீர்களா? அது நாம் அடிக்கும் கட்டளைகளைச் சேமித்து வைக்கும் பேஷ் ஹிஸ்டரியில் பதிந்திருக்கும். 'ஹிஸ்டரி' என்று அடித்து வரி எண்ணைப் பாருங்கள். 212 என்றால் 'ஹிஸ்டரி -டி 212', அப்புறம் 'ஹிஸ்டரி -டபிள்யூ'. இனிமேல் 'மைனஸ் பி'யோடு நிறுத்தி என்டர் தட்டுங்கள், அதுவே கேட்கும்.

படி 3: டபிள்யூபி-கான்ஃபிக்

என் பார்வையில் இதுதான் மிகப் பெரிய ஓட்டை. வேர்ட்பிரஸ் தன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி கோப்பில் மறைக்காமல் வைத்திருக்கும். பிஎச்பி கோப்பு என்பதால் சர்வர் அதை இயக்குமே தவிர உள்ளே இருப்பதைக் காட்டாது. ஆனால் திருத்துவதற்கு முன் பத்திரத்துக்கு என்று ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் .பேக் சேர்த்து வைக்கிறோம் அல்லவா? அதை வெறும் உரையாக நினைத்து, கேட்டவருக்கெல்லாம் சர்வர் கொடுத்துவிடும். என் தளத்திலேயே அப்படி ஒன்று பல மாதம் இருந்தது. பிரவுசரில் அந்த முகவரியை அடித்தேன். டிபி_பாஸ்வேர்டு வரி, மேற்கோள்குறிகளுக்கு நடுவே முழுப் பாஸ்வேர்டோடு திரையில் வந்து நின்றது. அன்று கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் முதலில் அந்த நகலை அழியுங்கள். எடிட்டர் விட்டுச்செல்லும் ~ குறியுள்ள நகலும் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அசல் கோப்புக்கு 'சிஎச்மோட் 600' கொடுங்கள்; உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும் என்று பொருள். தளம் திறக்காவிட்டால், கோப்பின் குழுவை வெப் சர்வருடைய குழுவாக மாற்றி 640 (குழுவும் படிக்கலாம்) வையுங்கள்.

நகல் வெளியே தெரிந்திருந்தால் அழிப்பது மட்டும் போதாது; யார் எடுத்துப் போனார்கள் என்று நமக்குத் தெரியாது. மைஎஸ்கியூஎல்லில் 'ஆல்டர் யூசர்' கட்டளையால் வேர்ட்பிரஸ்ஸின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி, உடனே அதே பாஸ்வேர்டை டபிள்யூபி-கான்ஃபிக்கிலும் எழுதுங்கள். இடையில் சில நொடி டேட்டாபேஸ் பிழை காட்டும், பயப்பட வேண்டாம்.

சரி, இப்போது பிரவுசரில் அந்த .பேக் முகவரியைத் திரும்ப அடித்துப் பாருங்கள். 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வர வேண்டும்.