சுத்திகரிப்பு நிலையத்தில் நீராவியோடு கரண்டும் எடுப்பது: எங்கிருந்து தொடங்குவது?

பியகம பக்கம் இரவில் போய் வருகிறவர்களுக்குச் சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தின் தீச்சுவாலை பழக்கமானது. 1969இல் தொடங்கிய நிலையம், நாளுக்கு 50,000 பீப்பாய் மசகு எண்ணெய் சுத்திகரிக்கும் அளவு. படித்து முடித்து வேலைக்கு வருகிற தம்பிமார் அதைக் காட்டி, "அண்ணா, அந்த நெருப்பிலேயே கரண்ட் எடுக்கலாமே" என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் நீங்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது இல்லை, நீராவியின் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு.

எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் நீராவியில்தான் ஓடுகிறது. எண்ணெயைச் சூடாக்கிப் பெட்ரோல், டீசல் என்று பிரிக்கும் வடிகோபுரத்துக்கு நீராவி, தாங்கியில் தார்போல இறுகும் எண்ணெயை இளக்க நீராவி. பொய்லர் 40 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கொடுக்கும், கேட்கிற இடத்துக்கு 4 பார் போதும், நடுவில் ஒரு வால்வு. அதன் பக்கத்தில் காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது, அப்படிச் சீறும், கைப்பிடியில் கை வைத்தால் அதிர்வு முழங்கை வரை ஏறும். அவ்வளவு அழுத்தமும் அங்கே ஒரு வேலையும் செய்யாமல் போகிறது. அந்த வால்வின் இடத்தில், நீராவி தள்ளச் சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும் ஒரு டர்பைனை வையுங்கள்: 400 பாகை சூட்டில் மணிக்கு 10 தொன் நீராவி 40 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கினால் ஏறக்குறைய 900 கிலோவாட் கிடைக்கும், வெளியே வருகிற நீராவி முன்புபோலவே எண்ணெயைச் சூடாக்கும். சாதாரண அனல் மின் நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்கு மேல் குளிர்நீரிலும் புகைபோக்கியிலும் விட்டுவிடுகிறது. இங்கே அந்த வெப்பத்துக்கு ஆள் காத்திருக்கிறது, அதனால்தான் மொத்தத்தில் 75, 80 சதவீதம் வரை பயன்படுத்த முடிகிறது.

அடுத்தது அளவு எடுப்பது, இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். ஒரு தொழிற்சாலையில் ஆண்டுச் சராசரியை வைத்து டர்பைனின் அளவைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இரவு ஷிப்டில் நீராவித் தேவை பாதியாகிவிடும் என்பதை நான் பதிவேட்டில் தேடிப் பார்க்கவே இல்லை. ஆகவே மணிக்கு மணி, குறைந்தது ஒரு வருடக் கணக்கை எடுங்கள். மழை நாளைத் தனியாகக் குறியுங்கள், மே மாதம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது காப்புறை கிழிந்த குழாய்கள் எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றன என்பது மீட்டரிலேயே தெரியும். அளப்பதற்கு முன் கசிவுகளை அடைத்துவிடுங்கள். 7 பார் அழுத்தக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மணிக்குச் சுமார் 30 கிலோ நீராவியைக் குடிக்கும், அப்படி ஐம்பது ஓட்டை இருந்தால் நீங்கள் வாங்கும் டர்பைனில் ஒரு பங்கு அந்த ஓட்டைகளுக்காகத்தான்.

கணக்கு வந்ததும், வருடம் முழுவதும் இறங்காமல் நிற்கிற அடிமட்டத் தேவை எதுவோ அதற்கு டர்பைனைப் பொருத்துங்கள். உச்சத்துக்குப் பொருத்தினால் மிஞ்சும் நீராவியைக் கூரைக்கு மேல் ஊதிவிட வேண்டி வரும், அதைப் பார்க்க வயிறு எரியும். பழைய வால்வைக் கழற்றாதீர்கள், பக்கவழியாக இருக்கட்டும். டர்பைன் நின்றால் அது சில விநாடிகளில் தானாகத் திறக்க வேண்டும்.

நீராவிக்குப் பதில் வாயுவை எரித்துச் சுழலும் காஸ் டர்பைன் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கிற திறன் 15 பாகைக் காற்றுக்கு உரியது. கொழும்பின் 30 பாகையில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும், கடல் உப்புக் காற்றுக்கு நல்ல வடிகட்டியும் தேவை. இங்கே குழாயில் இயற்கை வாயு வருவதில்லை, எண்ணெய் சுத்திகரிக்கும்போது கிளம்பும் நிலையத்தின் சொந்த வாயுவைத்தான் நம்ப வேண்டும். அதில் ஹைட்ரஜன் அளவு நாளுக்கு நாள் மாறும், துளித்துளியாகத் திரவமும் வரும், கந்தகமும் வரும், மூன்றையும் சமாளிக்காமல் எரிப்பானுக்கு விடாதீர்கள். பொய்லரில் கந்தகம் கூடிய உலை எண்ணெய் எரிப்பவர்கள் புகையை 150 பாகைக்குக் கீழே குளிர்விக்க ஆசைப்பட வேண்டாம், அமிலம் படிந்து தகடு அரித்துவிடும்.

அப்புறம் மின் கட்டமைப்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது நினைவிருக்கும். அப்படியொரு நேரத்தில் உங்கள் ஜெனரேட்டர் கட்டமைப்பிலிருந்து உடனே பிரிந்து தனியாக ஓட வேண்டும், அதற்கு எதை முதலில் நிறுத்துவது என்ற பட்டியல், இணைப்புகளைத் தானாகத் துண்டிக்கச் சொல்லும் ரிலேயில் முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும். அலுவலக ஏசி, பணிமனை, பிறகு எண்ணெய் ஏற்றும் பம்புகள் என்று கழன்றுகொண்டே போகட்டும். பொய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பையும் கருவிகளுக்குக் காற்று கொடுக்கும் கம்பிரசரையும் மட்டும் எந்த நிலையிலும் தொடக்கூடாது. காகிதத்தில் சரி என்று விட்டுவிடாமல், நிலையம் பராமரிப்புக்காக நிற்கும் நாளில் உங்களைக் கட்டமைப்போடு இணைக்கும் பிரேக்கரை உண்மையிலேயே திறந்து, இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள்.